ரத ஜீப்பும் மூசா பாயும்

பால் சேர்க்காத தே ஓ கிளாஸில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை மூசா பாய் இன்ஜின் தலைமேல் வைக்கிறார். ஓடிக்கொண்டிருக்கிற இன்ஜின். வால்வுகளை மூடியிருக்கும் தகரத்தின் மேலே, நடுவாகப் பார்த்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் வைத்துவிட்டு, இடுப்பில் கையூன்றிக் குனிந்து கிளாஸுக்குள் பார்க்கிறார். தேநீரின்மேல் அலை வளையம் வளையமாக நடுவிலிருந்து கரைக்குப் போனால் தலையை ஆட்டிக்கொள்வார். அலைகள் ஒன்றோடொன்று மோதிக் குழம்பினால் உதட்டைப் பிதுக்கிச் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவார். "மூச்சு சரியில்ல," என்பார். அந்த மீதித் தேநீரை அவர் குடித்ததே கிடையாது. பெட்ரோல் வாடை ஏறிவிடும். வாசல் சாக்கடையில்தான் ஊற்றுவார்.

"ஊருல மனுசன் டீ குடிப்பான். எங்க வூட்டுக்காரரு இன்ஜினுக்கு டீ குடுக்குறாரு," என்பது அவர் மனைவி காத்தூன் பீவியின் பேச்சு.

கிள்ளானில் மேரு சாலையை விட்டு உள்ளே திரும்பி, டயர் கடைகளையும் பழைய சாமான் கடைகளையும் தாண்டிப் போனால் மூசா பாயின் பட்டறை. பெங்கேல் என்றுதான் ஊரில் சொல்லுவார்கள். அது அவருடைய தாய்மாமன் ஜமால் முகமது போட்ட பட்டறை. மாமனுக்கு மூன்று பெண்கள், ஆண் வாரிசு இல்லை. தொண்டியிலிருந்த அக்காளுக்குக் கடிதம் எழுதி மருமகனை வரவழைத்தார். இருபத்திரண்டு வயதில் மூசா கடல் தாண்டி வந்து இறங்கினார். மூன்று வருஷம் தரையைக் கழுவிய பிறகுதான் மாமன் ஸ்பானரைக் கையில் கொடுத்தார். ஐந்தாம் வருஷம் நடுப்பெண்ணைக் கொடுத்தார். அவர்தான் காத்தூன் பீவி. மாமன் மவுத்தாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. பலகையில் இன்னும் மாமன் பெயர்தான்.

பாய்க்கு இப்போது ஐம்பத்தாறு வயது. மெலிந்த உடம்பு, நரைத்த குறுந்தாடி, காலில் எப்போதும் இரும்பு மூக்கு வைத்த கனத்த பூட்ஸ். தொழுகைக்கும் படுக்கைக்கும் தவிர அதைக் கழற்றமாட்டார். ஒருமுறை கியர் பெட்டி நழுவி மாமனின் கால் கட்டைவிரல் நசுங்கியதை நேரில் பார்த்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் நகம் வெட்டுவார், வலது கை கட்டைவிரல் நகத்தை மட்டும் விட்டுவைப்பார். அதையும் நாற்பது நாளுக்கு மேல் விடமாட்டார், மார்க்கத்தில் அதுதான் எல்லை. இரும்பில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அந்த நகத்துக்குத் தெரியும். அளவுகளைத் தாளில் எழுதும் பழக்கமில்லை. இரும்பு அலமாரிக் கதவில் சாக்குக்கட்டியால் எழுதுவார், வேலை முடிந்தால் துடைத்துவிடுவார்.

பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் எதையாவது இழுக்கிற வண்டிகள். பழுதான காரை இழுப்பது, படகை இழுப்பது, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய டிரெய்லரை இழுப்பது. இன்ஜினைப் பிரிக்கிற வேலை என்றால் பாய் முதலில் கேட்பது விலையும் இல்லை, வருஷமும் இல்லை.

பூச்சோங்கிலிருந்து ஒருவர் வந்தார். "பாய், நல்ல பவரா ஒரு கேம் போட்டுருங்க. ஹைவேல பறக்கணும்."

"பின்னால என்னா வரும்?"

"படகு, பாய். வீக்கெண்ட்ல மீன் புடிக்கப் போவோம்."

"படகும் பறக்கணுமா?"

வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாய்க்கு வரவில்லை. சாக்குக்கட்டியை எடுத்து அலமாரிக் கதவில் ஒரு முட்டையை வரைந்தார்.

கேம் என்று சுருக்கிச் சொல்கிற கேம்ஷாஃப்ட் ஒரு முழத்துக்கு மேல் நீளமான இரும்புத் தண்டு. அதில் வரிசையாக முட்டை வடிவத்தில் புடைப்புகள் இருக்கும். தண்டு சுற்றச் சுற்ற ஒவ்வொரு புடைப்பும் ஒரு வால்வைத் தள்ளித் திறக்கும். மூச்சு போகிற அந்தக் கதவு எப்போது திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்று இன்ஜினுக்குச் சொல்வது அந்தப் புடைப்புதான். பாய் அதைத் தன் பாஷையில் சொல்வார்.

"ஓட்டப் பந்தயத்துல ஓடுறவன் வாயப் பொளந்துக்கிட்டு மூச்சு விடுவான். அவனுக்கு அது சரி. அரிசி மூட்ட தூக்குறவன் அப்புடியா தூக்குவான்? வாய மூடி, பல்லக் கடிச்சி, மூச்ச அடக்கித்தான் தூக்குவான். ரேஸ் கேம் வாயத் தொறந்தே வச்சிருக்கும். இழுக்குற வண்டிக்கு வாய வேளையோட மூடுற கேம் வேணும், பாஸ்."

இத்தனையும் தெரிந்த மனிதர்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜீப்பில் தெரிந்தே தவறான கேமைப் பூட்டினார்.

பட்டறைக்குப் பின்தெருவில் ஒரு சிறிய மாரியம்மன் கோயில். செம்பனைத் தோட்டம் கைமாறித் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்தபோது தோட்டத்துச் சனங்கள் அம்மனையும் கூடவே கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். ஆடி மூன்றாம் ஞாயிறு அம்மன் ரதத்தில் ஊர்வலம் வருவாள். நாலு டன் எடை, மின்விளக்கும் மயில் வேலைப்பாடும் வைத்த மர ரதம். அதை இழுப்பது ஆறு சிலிண்டர் பெட்ரோல் ஜீப் ஒன்று. அதைக் கோயிலுக்கு வாங்கிய நாளிலிருந்து பார்த்துக்கொண்டவர் ஜமால் முகமது. மாமனுக்குப் பின் மருமகன். கூலி கிடையாது. திருவிழா முடிந்தால் தலைவர் சிவநேசன் ஒரு தாம்பாளத்தில் பழமும் வேட்டியும் கொண்டுவந்து வைப்பார். பாய் பழத்தை வீட்டுக்கு அனுப்புவார். வேட்டிகள் அலமாரியில் அடுக்கடுக்காக இருக்கின்றன.

ரதம் இழுப்பதைப்போல ஓர் இழுவை வேலை வேறு எதிலும் இல்லை. வேகம் நடை வேகம்கூட இல்லை, அடி வேகம். வீட்டுக்கு வீடு நிற்கவேண்டும், தேங்காய் உடைபட வேண்டும், கற்பூரம் காட்டவேண்டும், மறுபடி நகரவேண்டும். ஒரு குலுக்கல் இருக்கக்கூடாது. வழியில் கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலின் தண்டவாளத்தைத் தாண்ட ஒரு பாலம் ஏறவேண்டும். ரதத்துக்கென்று பிரேக் இல்லை. ஜீப்பின் பிரேக்தான் இரண்டுக்கும். அதற்கு மேல் இருப்பது கட்டை. ரதத்தின் பின்சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரிச் செதுக்கி, கயிறு கட்டிய மரக்கட்டையைச் செருக ஓர் ஆள் கூடவே நடந்து வருவார்.

அந்த ஆள் ரெங்கசாமி. அறுபத்துமூன்று வயது, தோட்டத்தில் குலை வெட்டிய கை, இப்போது ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. முப்பது வருஷமாகக் கட்டை போடுகிறவர். ரதத்துக்குப் பக்கத்தில் யாரும் செருப்புப் போடக்கூடாது என்பது கோயில் வழக்கம், வெறுங்காலோடுதான் நடப்பார்.

அந்த வருஷம் ரிஷி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். ரிஷிதான் ஜீப்பை ஓட்டுகிறவன். அவன் பெண் குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் ஐம்பது நாள் கிடந்து பிழைத்தது. பிள்ளை பிழைத்தால் ரத ஜீப்புக்கு உயர்தரச் சாமானாக வாங்கிப் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டிருக்கிறான். செராஸில் ஒரு கடையில் சொல்லி வரவழைத்தது. பெட்டிக்குள் பளபளவென்று ரேஸ் கேம்ஷாஃப்ட்.

"இருக்குறதுலயே பெரிய கேம் பாய். நேந்துக்கிட்டது. வேணாம்னு மட்டும் சொல்லிராதீங்க."

பழைய கேமில் இரண்டு புடைப்புகள் தேய்ந்து போயிருந்தன, மாற்றத்தான் வேண்டும். ஆனால் இது ஆகாது என்று பெட்டியைத் திறந்தபோதே பாய்க்குத் தெரியும். வேறு எவன் கொண்டுவந்திருந்தாலும் "மூடி எடுத்துட்டுப் போ" என்று சொல்லியிருப்பார். இது நேர்த்திக்கடன். அவனுக்கும் அவன் சாமிக்கும் நடுவில் நான் யார், வேற்று மார்க்கத்துக்காரன், ஒரு தகப்பன் நேர்ந்து கொண்டுவந்ததைத் தள்ளுவதற்கு என்று நினைத்தார். ஓர் இந்து பட்டறை ஃபோமனாக இருந்தால் உரிமையோடு திட்டி அனுப்பியிருப்பான். பாய்க்கு அந்த வார்த்தை நாக்கிலேயே நின்றுவிட்டது. பூட்டினார்.

பூட்டியபின் கிளாஸை வைத்துப் பார்த்தார். அலை குழம்பியது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற பலத்தை அளக்கும் மீட்டரை மாட்டினார். பதினெட்டில் நிற்கவேண்டிய முள் பத்தில் நின்று நடுங்கியது. அந்த உறிஞ்சலை வைத்துத்தான் ஜீப்பின் பிரேக்குக்குப் பலம் வருகிறது. பாய் முள்ளைப் பார்த்தார், மீட்டரைக் கழற்றி அலமாரியில் வைத்தார். கோயில் முற்றத்தில், சமதரையில், வெறும் ரதத்தை இழுத்துப் பார்த்தார்கள். ஜீப் உறுமிக்கொண்டு போனது. எல்லாரும் கைதட்டினார்கள்.

ஆடி மூன்றாம் ஞாயிறு சாயங்காலம் பாலத்தின் நடுச்சரிவில் தேங்காய் உடைப்பதற்காக ரதம் நின்றது. மறுபடி நகரும்போது இன்ஜின் திணறி, இருமி, அணைந்தது. ரிஷி பிரேக்கை மிதித்தான், மிதி கல்லாகிவிட்டது. ரதம் பின்னால் நகர்ந்தது. பின்னால் ஆயிரம் சனம், பால்குடத்தோடு பெண்கள், தோளில் பிள்ளைகள். ரெங்கசாமி கட்டையைக் கையால் செருகினார், கட்டை வழுக்கியது. இடது காலால் உதைத்துச் செருகினார். சக்கரம் கட்டைமேல் ஏறி நின்றது. கால் உள்ளே இருந்தது.

அம்மன் கழுத்து மாலையில் ஒரு பூ உதிரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். ரெங்கசாமிக்குப் பாதத்தின் முன்பாதி போயிற்று.

பிறகு நடந்ததுதான் பாயைத் தின்றது. யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேமைப் பற்றி ஒருவருக்கும் எண்ணமே இல்லை. கோயில் கூட்டத்தில் சாமி குற்றம் என்று பேசினார்கள், குற்றம் எது என்று தேடினார்கள், கண்டும் பிடித்தார்கள். திருவிழாவுக்கென்று கையில் காப்புக் கட்டினால் சாவு வீட்டுக்குப் போகக்கூடாது. ரெங்கசாமி போயிருந்தார். பூச்சோங்கில் அவருடைய அக்காள் பாக்கியத்தின் புருஷன், ரெங்கசாமி காப்புக் கட்டிய மூன்றாம் நாள், இறந்துபோனார். கூடப்பிறந்தவள் ஒருத்தி, தாய்க்குத் தாயாக இருந்து வளர்த்தவள். ரெங்கசாமி போய் வாசல் கேட்டுக்கு வெளியே நின்று, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், அக்காளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு வந்து தலை முழுகினார். அதுதான் குற்றம் என்று ஆனது. பரிகாரப் பூசை நடந்தது. ரெங்கசாமியே ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஆமா, என் தப்புத்தான்," என்று சொல்லிவிட்டார்.

அதன்பிறகு அவர் அக்காள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "நா போனா அங்கயும் எதாச்சும் ஆயிரும்," என்றார். அக்காள் மகள் கல்யாணத்துக்கு மாமன் சீர் கொண்டுபோக வேண்டியவர், போகவில்லை. அக்காள் போன் செய்தாலும் எடுப்பதில்லை.

இதெல்லாம் பாயின் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஏழு தடவை ஆட்டுக்கால் சூப் கொண்டுபோனார். ஏழு தடவையும் சொல்ல வாயெடுத்தார். ஏழு தடவையும், "சூடா இருக்கு, ஆறிப்போறதுக்குள்ள குடிங்கண்ணே," என்பதற்கு மேல் வரவில்லை.

போன வருஷம் ரதம் வெளியே வரவில்லை. அம்மனைத் தோளில் தூக்கிக் கோயிலைச் சுற்றி வைத்துவிட்டார்கள். இந்த வருஷம் சிவநேசன் பட்டறைக்கு வந்தார்.

"பாய், இந்தத் தடவ ரதம் வெளியாவுது. ஜீப்ப ஒரு பார்வை பாத்துருங்க லா."

"கட்டை போடுறது யாரு, தலைவரே?"

"யாரு, ரெங்கசாமிதான். அரைக்கால வச்சிக்கிட்டு ஏன்யான்னு எல்லாரும் சொல்லிப் பாத்தாச்சு. கேக்கல. விட்ட எடத்துலதான் தொடங்கணுமாம். நாப்பது நாளா கோயில்லயே படுத்துக் கெடக்குறான், யார் வீட்டுலயும் கை நனைக்கறது இல்ல."

பாய் துடைத்துக்கொண்டிருந்த ஸ்பானரை வெகுநேரம் துடைத்தார்.

மறுநாள் டெங்கிலுக்குப் போனார். அங்கே செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் பழைய இரும்புக் கொட்டகை ஒன்று. இதே வகை ஜீப் ஒன்று தோட்டத்தில் இருபது வருஷம் குலை டிரெய்லரை இழுத்து, உடம்பெல்லாம் துருப்பிடித்து அங்கே கிடந்தது. இன்ஜின் மட்டும் உள்ளே எண்ணெயோடு இருந்தது. பாய் அங்கேயே முன்பக்கத்தைப் பிரித்துக் கேமை உருவினார். பன்னிரண்டு புடைப்புகள். வலது கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவினார். எங்கும் இடறவில்லை. உயரம் குறைந்த, வாயைச் சீக்கிரம் மூடுகிற புடைப்பு. ரிஷியின் கேமைப் பக்கத்தில் வைத்தால் பயில்வானுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருக்கும்.

"சாமி வண்டிக்குப் போயி இந்தச் சின்ன கேமா பாய்?" என்று கொட்டகைக்காரர் கேட்டார்.

"சாமி அவசரமா எங்கயாச்சும் போகுதா?" என்றார் பாய்.

கேமோடு, கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் உட்காரும் அதன் பன்னிரண்டு தள்ளுக்குமிழ்களையும் எடுத்து முட்டை அட்டையில் வரிசை மாறாமல் அடுக்கினார். ஒவ்வொரு குமிழும் தன் புடைப்போடு உரசி உரசிப் பழகியது. இடம் மாறி உட்கார்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்த அட்டையை மடியில் வைத்துக்கொண்டே கிள்ளான் வரைக்கும் வந்தார்.

பூட்டிக்கொண்டிருந்த அன்று ரிஷி வந்தான். துணிமேல் கிடந்த பளபளத் தண்டைப் பார்த்தான்.

"பாய், இது என்னோடதுல்ல?"

"ஆமா தம்பி."

"ஏன் கழட்டுனீங்க?"

"இது ஓடுற வண்டிக்கு உள்ளது. நம்மது நடக்குற வண்டி."

"நேந்தது பாய்."

"தெரியும்."

"ஆகாதுன்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

பாய் முட்டை அட்டையிலிருந்து அடுத்த குமிழை எடுத்தார். ரிஷி குனிந்து தண்டின்மேல் கை வைத்தான். "அப்ப... அந்த வருசம்..." என்று தொடங்கினான். அவன் முகம் வெளுத்துப்போனதைப் பாய் பார்த்தார். அவன் கேமைத் துணியோடு சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாசல் வரைக்கும் போனான். அங்கிருந்து திரும்பினான்.

"ஞாயித்துக்கெழம ட்ரையலுக்கு ஜீப்ப நாந்தான் ஓட்டுவேன். வேற யாரையும் ஏத்தாதீங்க."

அன்று மத்தியானம் பாய் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காத்தூன் பீவி மீன் சட்டியை மூடிவைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"சொல்லிருங்க."

"என்னத்த?"

"இன்ஜினுக்கு ஊத்துற டீயில என்னா தெரியுதோ எனக்குத் தெரியாது. ஒங்க மொகத்துல ரெண்டு வருசமா தெரியறது எனக்குத் தெரியும். சொல்லிருங்க."

"சொன்னா நாளைக்குப் பட்டறைக்கு எவன் வருவான்? மாமா பேரு போட்ட பலகை அது."

"எங்க வாப்பா பேருதான? எங்க வாப்பா இருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பாரு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "லிட்டில் இந்தியாவுல பாக்கியம் அக்காவப் பாத்தேன். கல்யாணச் சேலை எடுக்க வந்தப்ப. கடையில நின்னு அழுவுது. தாலி அறுத்த கையோட தம்பியையும் பறிகுடுத்தேன்னு சொல்லி அழுவுது. நா என்னா சொல்ல முடியும்? கையப் புடிச்சிக்கிட்டு நின்னேன்."

பாய் எழுந்து கை கழுவினார்.

ஞாயிறு காலை ஏழரைக்கு ரதம் பாலத்துக்கு வந்தது. ஒரு பக்கச் சாலையை அடைத்துப் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். அம்மன் அமர்கிற இடத்தில் அன்னதானத்துக்கு வந்த அரிசி மூட்டைகள் ஏற்றியிருந்தன, எடைக்கு எடை. மூட்டைகளை ஏற்றியவன் ரிஷி, யாரையும் தொடவிடவில்லையாம். ரெங்கசாமி ரதத்தின் பின்சக்கரத்துக்கு அருகில் கட்டையைக் கையில் பிடித்து நின்றார். வேலைக்குப் போகும்போது போடுகிற, முன்பாதியில் பஞ்சு திணித்த ரப்பர் ஷூவைக் கழற்றி ஜீப்பின் பின்படியில் வைத்திருந்தார்.

"சாமிதான் மேல இல்லியேண்ணே, ஷூவப் போட்டுக்குங்களேன்," என்றார் பாய்.

"சாமி இல்லாட்டியும் சாமி தேரு, பாய்."

ஜீப் ஏறியது. உறுமல் இல்லை. பருத்த மனிதர் மாடிப்படி ஏறுவதுபோல ஒரு சத்தம், தடக், தடக் என்று, ஒரே சீராக. பாய் ஜீப்புக்குப் பக்கத்தில் நடந்தார். நடுச்சரிவில், அன்றைக்கு நின்ற அதே விளக்குக் கம்பத்துக்கு நேராக, கையைத் தூக்கினார். ரிஷி நிறுத்தினான். ரெங்கசாமி கட்டையைச் செருகினார்.

பாய் ஜீப்பின் முன்மூடியைத் திறந்தார். பிளாஸ்கிலிருந்து தே ஓவை ஊற்றிப் பாதியைக் குடித்து மீதியை இன்ஜின்மேல் வைத்தார். சரிவில் தேநீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது, ஆனால் அலை வளையம் வளையமாகக் கரைக்குப் போனது. மீட்டரின் முள் பதினெட்டில் ஆணி அடித்ததுபோல் நின்றது.

"கட்டைய எடுங்கண்ணே," என்று குரல் கொடுத்தார். ரெங்கசாமி எடுத்தார். ரதம் ஒரு விரற்கடை அசையவில்லை. பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. "போ தம்பி." ஜீப் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்தது. பத்தடி போய் மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி கட்டை, மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கிளாஸை இறக்கி மறுபடி இன்ஜின்மேல் வைத்து. ஐந்தாம் தடவை பாலத்தின் உச்சிக்கு இரண்டு கம்பம் கீழே, செங்குத்தான இடத்தில் ரதம் நின்றது. கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது.

சிவநேசன் கும்பிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு.

"ஆத்தா மனசு எறங்கிட்டா. ரெங்கா, இந்த வருசம் நீ சுத்தமா இருந்தடா. அதான் குலுங்காம நிக்கிறா. இனிமே மட்டும் காப்புக் கட்டிக்கிட்டு எழவு வீடு அது இதுன்னு போயிராத."

ரெங்கசாமி தலையைக் குனிந்தார். "போவ மாட்டேன் தலைவரே."

அந்த இடத்தில் பாய் பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அப்படியே போயிருக்கும். ஜீப் சரியாகிவிட்டது. ரதம் நன்றாக ஓடும். தாம்பாளமும் பழமும் வேட்டியும் வரும். மூசா பாய் இன்ஜின் மேலிருந்த கிளாஸை எடுத்தார். என்ன நினைத்தாரோ, அந்தப் பெட்ரோல் வாடைத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

"அவரு சுத்தமா இருந்ததனால இல்ல, தலைவரே."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அன்னிக்கு அணைஞ்சதுக்கும் அவரு காரணமில்ல. கேமு. நா போட்ட கேமு. ஓட்டத்துக்கு உள்ள கேம இழுக்குற வண்டியில போட்டேன். பிரேக்குக்குப் பலம் இருக்காதுன்னு எனக்குத் தெரியும். மீட்டர் காட்டுச்சு. பாத்துட்டுக் கழட்டி வச்சிட்டேன்."

ஜீப்புக்குள்ளிருந்து ரிஷி, "நா வாங்கிக் குடுத்தது, ரெங்கண்ணே," என்றான். குரல் உடைந்திருந்தது.

"நீ நேந்தத கொண்டாந்த. ஒனக்கு இன்ஜினத் தெரியாது. எனக்குத் தெரியும். பூட்டுனது என் கை." பாய் ரெங்கசாமியைப் பார்த்தார். "சாமிக்குன்னு ஒருத்தன் கொண்டாந்தத வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஒங்க கால எடுத்தது அந்த வாய்தான், ரெங்கண்ணே. அப்பறம் ரெண்டு வருசம் சொல்லாம இருந்தனே, அதுக்கு என்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

கீழே ஒரு கொம்யூட்டர் ரயில் போயிற்று. பாலம் லேசாக அதிர்ந்தது. போலீஸ்காரர் ஒன்றும் விளங்காமல் பார்த்தார்.

ரெங்கசாமி தன் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று பாய் நினைத்தார். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றார். ரெங்கசாமி நிமிர்ந்தார்.

"அப்ப, நா அக்கா வூட்டுக்குப் போனதனால இல்லியா?"

"இல்லண்ணே."

"அல்லா மேல சொல்லுங்க பாய்."

"அல்லா மேல ஆணையா இல்லண்ணே. அது வெறும் இரும்பு."

ரெங்கசாமி இன்னொருமுறை, தனக்குத்தானே, "வாசல்லதான நின்னேன்," என்றார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்த கை முகத்திலேயே நின்றது. பிறகு சட்டைப் பையைத் தடவிப் போனை எடுத்தார். இடது கையில் கட்டையின் கயிறு இருந்தது. சரிவில் ரதம் நிற்கும்போது அந்தக் கயிற்றை விட்டு நகரக்கூடாது, முப்பது வருஷத்தில் ஒருநாளும் நகர்ந்தவரில்லை. சுற்றிலும் பார்த்தார். சிவநேசனைப் பார்த்தார், ரிஷியைப் பார்த்தார். கயிற்றை மூசா பாய்க்கு நேராக நீட்டினார்.

"செத்த புடிங்க பாய். எங்க அக்காவுக்கு ஒரு போன் பண்ணிட்டு வரேன்."

நொண்டிக்கொண்டே பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் போனார். போனைக் காதில் வைத்து, முதுகைக் காட்டி நின்றார்.

மூசா பாய் உடனே கயிற்றை வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு குனிந்து, ஒரு கையாலேயே இரும்பு மூக்குப் பூட்ஸின் முடிச்சுகளை அவிழ்த்தார். வலது பூட்ஸ், இடது பூட்ஸ். காலுறைகளையும் உருவி உள்ளே திணித்து, ஜீப்பின் பின்படியில் ரெங்கசாமியின் ரப்பர் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தார். வெயில் ஏறத் தொடங்கிய தாரில் வெறுங்காலோடு நடந்து ரதத்துக்குப் பின்னால் போய், சக்கரத்தை ஒட்டி, ரெங்கசாமி நிற்கிற இடத்திலேயே தன் இடது காலை வைத்து நின்றார்.